ஈட்டுக் கவுண்டர்

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்.
தராசு, உரைகல், அமிலக் குப்பி,
நூலில் கட்டிய பேனா.
களுவாஞ்சிக்குடிக் கிளையில் பதினோராவது வருடம்.

மழை கிட்டிவிட்டதென்று
எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.
புரட்டாதி முடிய
மண்டூர்த் துறையில் பாதை ஏறி
வாவி கடந்து குருமண்வெளியில் இறங்கி
படுவான்கரைக் கழுத்துகள் வரத் தொடங்கும்.
கைப்பைக்குள் கைக்குட்டை,
கைக்குட்டைக்குள் கடதாசி,
கடதாசிக்குள் கொடி.
விதைநெல்லுக்கு இரண்டு காப்பு.
உழவுக்கு ஒரு சங்கிலி.
உரம் என்றால் தோடும் கழரும்.
“கொஞ்சம் கூட்டிப் போடுங்ககா,
அறுத்த கையோட மீட்டிருவன்.”
மாசியில் வெட்டுமெசின் வட்டைக்குள் இறங்கினால்
எல்லாம் திரும்பிப் போகும்.
போக வேண்டும்.

முகங்களை மாற்றி வைத்துவிடுவேன்,
நகைகளை இல்லை.
நேசமலரின் கொடியில்
கொளுக்கிக்குப் பக்கத்து வளையம் ஒட்டுப்போட்டது.
அதை அவள் கழுத்தில் நான் கண்டதே கிடையாது.
வருடத்தில் எட்டு மாதம் எங்கள் பெட்டகத்தில்.
“என்னட்ட இருந்ததை விட
உங்களிட்டத்தான்கா கூட இருந்திரிக்கி”
என்று ஒருநாள் சிரித்தாள்.
நானும் சிரித்துக்கொண்டே உரசினேன்.
தெரிந்த தங்கம் என்றாலும் உரசத்தான் வேண்டும்.
இத்தனை வருடத்தில் அவள் கொடி
இந்தக் கல்லில் எவ்வளவு தேய்ந்திருக்கும்?
அதற்கு லெட்ஜரில் கட்டம் இல்லை.

பவுண் ஒரே மாதத்தில் எகிறிய அந்த வருடம்
வரிசை படியிறங்கி மீன்சந்தை வரை நின்றது.
தொகையைச் சொன்னதும் முகங்கள் மலர்ந்தன,
உடனே, அந்தக் காசுக்கு
என்ன வாங்கலாம் என்று எண்ணிப் பார்த்து
வாடின.
உரம் இல்லை. மண்ணெண்ணெய் இல்லை.
பால்மாவுக்கு வேறு வரிசை.
ஓந்தாச்சிமடத்திலிருந்து தோணிக்காரர் குழந்தைவடிவேல்
பேரப்பிள்ளையின் அரைஞாண் கொண்டு வந்தார்.
வெள்ளி.
வெள்ளிக்கு நாங்கள் கடன் கொடுப்பதில்லை.
“தெரியும் மனே,
நிறுத்து மட்டும் பாத்துத் தாங்க.
எவ்வளவு இரிக்கெண்டு அறியத்தான்.”
பத்தொன்பது கிராம்.
தலையாட்டினார். மடியில் முடிந்தார்.
பின்னால் நின்றவர்கள் வழிவிட்டார்கள்.

போன மார்கழி, குளம் திறந்து
வட்டையில் பதினொரு நாள் தண்ணீர் நின்றது.
மாசியில் நேசமலர் வரவில்லை.
சித்திரையிலும் இல்லை.
ஏலத்துக்கு முன் மூன்று கடிதம் அனுப்புவோம்,
மூன்றிலும் என் கையெழுத்து.
இரண்டு போய்விட்டது.
மூன்றாவது என் லாச்சிக்குள் கிடக்கிறது,
இன்று செவ்வாய்,
வெள்ளிக்கு முன் தபாலில் போட வேண்டும்.

அதற்கிடையில் என் தம்பிக்கு
கட்டாருக்கு விசா சரிவந்தது.
ஏஜென்சிக்காரன் மூன்று நாள் தவணை சொன்னான்.
வேலை செய்யும் கிளையில் ஈடு வைக்க எங்களுக்கு அனுமதியில்லை.
அரைநாள் லீவு போட்டு
கல்முனைக்கு பஸ் ஏறினேன்.
கைப்பைக்குள் கைக்குட்டை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை,
புதுசு, அமிலம் பட்ட நகம் இன்னும் மஞ்சளாகவில்லை.
என் சங்கிலியைக் கல்லில் இழுத்தாள்.
கொஞ்சம் அழுத்தி இழுக்கிறாள், அவ்வளவு தேவையில்லை,
சொல்லலாமா என்று வாய் திறந்தேன்.
“கொஞ்சம் கூட்டிப் போடுங்ககா”
என்றது வாய்.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.
நானும் பார்ப்பதில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் யன்னலோர சீற்.
ஆயிரக்கணக்கில் என் கையால் கிழித்துக் கொடுத்த
அதே துண்டு,
அதன் பின்பக்கத்துச் சின்ன எழுத்தை
முதல்தரம் வாசித்தேன்.
கோட்டைக்கல்லாற்றுப் பாலம் வரைக்கும் இருந்தது.